10,257 வண்ணக் கோடுகள்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜீனோமிக்ஸ் என்ற பெயரில் இளங்கலைப் பட்டம் கிடையாது. பள்ளி முடித்து அங்கே போகிறவர் ‘இயற்கை அறிவியல்’ என்ற பொதுப் படிப்பில்தான் சேர்கிறார். உயிரியலோடு வேதியியல், இயற்பியல், கணிதம் என்று கலந்து படித்து, மூன்றாம் ஆண்டில்தான் மரபியலைத் தனியாக எடுத்துக்கொள்ள முடியும். மனித ஜீனோமில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எழுத்தெழுத்தாகப் படித்து முடித்தது இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். அங்கே போய் இப்படியா என்று முதலில் தோன்றும். நகரின் நடுவிலிருந்து தெற்கே ஹிங்க்ஸ்டன் என்ற கிராமம் வரை சுமார் 14 கிலோமீட்டர். அந்த வழியை ஒருமுறை சைக்கிளில் கடந்தால் காரணம் புரிந்துவிடும்.

சைக்கிளுக்கென்றே அமைந்த ஊர் அது. மேடு பள்ளம் அதிகம் இல்லை. பேராசிரியரும் மாணவரும் மழைச்சட்டையோடு ஒரே பாதையில் மிதித்துக்கொண்டு போகிறார்கள். ரயில் நிலையத்தில் இறங்கி வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்தால் போதும், முழுப் பயணத்தையும் ஒரே பகலில் முடித்துவிடலாம்.

முதல் நிறுத்தம் பெனட் தெருவில் உள்ள ‘ஈகிள்’ என்ற பழைய மதுக்கடை. பழைய கேவண்டிஷ் ஆய்வகம் இங்கிருந்து கூப்பிடு தூரம். 1953 பிப்ரவரி 28 அன்று பகலுணவு நேரத்தில் அங்கே வேலை செய்த பிரான்சிஸ் கிரிக்கும் ஜேம்ஸ் வாட்சனும் டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடித்த சேதியை முதலில் வெளியில் சொன்னது இங்கேதான். அதைச் சொல்லும் நீலப் பலகையில் இவர்கள் இருவர் பெயர்தான் நெடுநாள் இருந்தது. யாரோ ஒருவர் அதன் கீழே கையால் ‘ஃபிராங்க்ளின்’ என்று சேர்த்து எழுதியிருந்தார். எழுதியவர் செய்தது நியாயம். ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் இதே ஊரில், நியூனம் கல்லூரியில், இதே இயற்கை அறிவியல் படித்தவர். நிலக்கரியின் நுண்துளைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற வேதியியலாளர் அவர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் அவருடைய வழிகாட்டலில் ரேமண்ட் காஸ்லிங் என்ற ஆய்வு மாணவர் 1952இல் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம்தான் கிரிக்குக்கும் வாட்சனுக்கும் வழி காட்டியது. கிரிக் இயற்பியல் படித்தவர்; வாட்சன் விலங்கியல். இந்தக் கதையில் வருகிற எவரும் ‘ஜீனோமிக்ஸ்’ படிக்கவில்லை. அந்தச் சொல்லே 1986இல்தான் பிறந்தது.

ஃபிராங்க்ளின் 1958இல் சூலகப் புற்றுநோயால் இறந்தார். வயது 37. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு தெற்கே போக வேண்டும்.

லென்ஸ்ஃபீல்டு சாலையில் வேதியியல் துறை. சிப்லா மருந்து நிறுவனத்தின் யூசுப் ஹமீது பெயரை அது 2020 முதல் தாங்கியிருக்கிறது. பக்கத்துத் தெருவில் ‘பாண்டன் ஆர்ம்ஸ்’ என்று இன்னொரு மதுக்கடை. 1997 கோடையில் இரண்டு வேதியியலாளர்கள் தங்கள் ஆய்வைப் பற்றி இங்கே உட்கார்ந்து பேசினார்கள். ஒருவர் டேவிட் கிளெனர்மன். மற்றவர் சங்கர் பாலசுப்பிரமணியன். 1966இல் சென்னையில் பிறந்து, கைக்குழந்தையாகப் பெற்றோரோடு இங்கிலாந்து போனவர். டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கி ஒரு கண்ணாடிப் பரப்பில் ஒட்டவைப்பது, அதன் மேல் புதிய எழுத்து ஒவ்வொன்றாகச் சேரும்போது அந்தந்த எழுத்துக்கு உரிய நிறத்தில் ஒளிரச் செய்வது, ஒவ்வொரு சுற்றிலும் அதைப் படம் பிடிப்பது. ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான துண்டுகளை இப்படிப் படிக்கலாம் என்பதுதான் அவர்கள் யோசனை. 1998இல் ‘சோலெக்சா’ என்ற நிறுவனம் பிறந்தது. 2007இல் அமெரிக்காவின் ‘இல்லுமினா’ அதை வாங்கியது. முதல் மனித ஜீனோமைப் படிக்க 15 ஆண்டுகளும் சுமார் 300 கோடி டாலரும் திட்டமிடப்பட்டன. இன்று அதே வேலை ஓரிரு நாளில், ஆயிரம் டாலருக்கும் குறைவாக முடிகிறது.

எழுத்தைப் பதிவுசெய்வது மலிந்துவிட்டது. அதை வாசித்துப் பொருள் சொல்ல ஆள் போதவில்லை. ஜீனோமிக்ஸ் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கிற எவருக்கும் சொல்ல வேண்டிய முதல் பதில் இதுதான்.

ஹில்ஸ் சாலையில் நேராக மிதித்தால் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனை வந்துவிடும். மருத்துவமனை என்பதைவிட அதை ஒரு சிற்றூர் என்று சொல்லலாம். இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவைக்கான ஏழு ஜீனோம் ஆய்வக மையங்களில் ஒன்றை நடத்துவது இந்த மருத்துவமனை. அதே வளாகத்தில் எம்.ஆர்.சி. மூலக்கூறு உயிரியல் ஆய்வகமும் இருக்கிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் அங்கே பணியாற்றி 2009இல் நோபல் பரிசு பெற்றார். அவர் முனைவர் பட்டம் வாங்கியது இயற்பியலில். பட்டம் வாங்கிய பிறகு, நமக்கு உயிரியல்தான் வேண்டும் என்று முடிவு செய்து, இன்னொரு பல்கலைக்கழகத்தில் மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தார். அவர் வடிவம் கண்ட ரைபோசோம், மரபணுச் செய்தியை மும்மூன்று எழுத்தாகப் படித்துப் புரதம் கட்டுகிற இயந்திரம்.

அந்த ‘மும்மூன்று’ என்ன என்பதைத் தரையிலேயே பார்க்கலாம். வளாகத்தின் தெற்கு ஓரத்தில், ரயில் தடத்தை ஒட்டி, கிரேட் ஷெல்ஃபோர்டு கிராமத்தை நோக்கி ஒரு சைக்கிள் பாதை போகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் சிற்பம். நடுவே தார்ச்சாலையின் குறுக்கே பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என நான்கு நிறங்களில் கோடுகள் அடுக்கடுக்காக ஓடுகின்றன. மொத்தம் 10,257 கோடுகள். பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவின் எழுத்துகள் அவை. பிரிட்டனின் தேசிய சைக்கிள் பாதை 10,000 மைல் ஆனதைக் குறிக்க இதை அமைத்தார்கள். 2005இல் திறந்து வைத்தவர் ஜான் சல்ஸ்டன்; அவர் யார் என்பது ஹிங்க்ஸ்டன் போனதும் தெரியும்.

சைக்கிள் ஓடும்போது சக்கரத்துக்குக் கீழே நிறங்கள் கலந்து ஓடுகின்றன. இறங்கி நடந்தால்தான் எழுத்துகள் பிரிகின்றன. மூன்று கோடு சேர்ந்தால் ஒரு சொல். ஒரு சொல்லுக்கு ஓர் அமினோ அமிலம். 10,257ஐ மூன்றால் வகுத்தால் 3,419. அதில் 3,418 சொற்கள் புரதத்தின் கண்ணிகள். கடைசிச் சொல், ‘இங்கே நிறுத்து’. உண்மையில் அந்த மரபணு 13ஆம் குரோமோசோமில் 80,000 எழுத்துகளுக்கும் மேல் நீள்கிறது. புரதத்துக்கான பகுதியை மட்டும் எடுத்துத்தான் பாதையில் வரைந்திருக்கிறார்கள். மனித ஜீனோம் முழுவதையும் இப்படி வரைய வேண்டுமானால் இதே அளவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பாதைகள் போட வேண்டும்.

இந்த மரபணு கட்டுகிற புரதத்தின் வேலை, உடைந்த டி.என்.ஏ.வைப் பழுதுபார்ப்பது. அது கெட்டால் மார்பகப் புற்றுநோய்க்கும் சூலகப் புற்றுநோய்க்கும் வாய்ப்பு பல மடங்கு கூடும். மைக்கேல் ஸ்ட்ராட்டனின் குழு 1995இல் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டது.

பாதையின் நடுப்பகுதியைத் தாண்டி, 5,946ஆம் கோட்டை எண்ணி நிறுத்திக்கொள்ள முடிந்தால் நல்லது. 1982ஆவது சொல்லின் மூன்றாம் எழுத்து அது. உலகில் சில குடும்பங்களில் இந்த ஓர் எழுத்து மட்டும் விடுபட்டிருக்கிறது. கிழக்கு ஐரோப்பிய யூத வம்சாவளியினரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் இந்தக் குறை உண்டு. ஓர் எழுத்து போனதும் அடுத்த சொல்லின் முதல் எழுத்து இந்தச் சொல்லுக்கு நகர்ந்துவிடுகிறது. அங்கிருந்து எல்லாச் சொற்களும் தடம் மாறுகின்றன. இருபதுக்குச் சற்று மேற்பட்ட சொற்களுக்குள் ஒரு பொய்யான ‘நிறுத்து’ வந்துவிடும். மிச்சப் புரதம் உருவாகவே உருவாகாது. 10,257இல் ஒன்று!

ஃபிராங்க்ளின் லண்டன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு வந்தது சூலகப் புற்றுநோய். அவரிடம் இந்தப் பிழை இருந்ததா என்று யாரும் சோதித்ததில்லை. அப்போது சோதிக்க வழியும் இல்லை. இல்லாத சான்றைக் கொண்டு முடிவு சொல்லக் கூடாது என்பது இந்தத் துறையின் முதல் பாடம். ஆனாலும் அந்தப் பாதையில் நடக்கிறவருக்கு அவர் நினைவு வராமல் இருக்காது.

துறையில் கிடைக்கிற வேலைகள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இந்த ஒற்றைக் கோட்டைச் சுற்றித்தான் இருக்கின்றன. தாய்க்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண் மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவரோடு உட்கார்ந்து பேசுகிறவர் மரபணு ஆலோசகர். சோதனை செய்துகொள்ளலாமா, செய்தால் முடிவை அக்காவிடமும் தங்கையிடமும் எப்படிச் சொல்வது, பிள்ளைகளுக்கு இந்தப் பிழை போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதை எப்படித் தாங்குவது என்றெல்லாம் நிதானமாகப் பேசுவது அவர் தொழில். பிரிட்டனில் அதற்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. பேசத் தெரிந்தவருக்கும், அதைவிடக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவருக்கும் ஏற்ற வேலை இது. நம் ஊரில் இந்த வேலையைப் பற்றி இன்னும் போதுமான பேச்சு இல்லை. அது பெரிய குறை.

இரத்தம் ஆய்வகத்துக்குப் போனபின் மருத்துவ விஞ்ஞானியின் முறை. இயந்திரம் கொட்டுகிற எழுத்துக் குவியலிலிருந்து வித்தியாசமானவற்றைப் பிரித்தெடுக்க நிரல் எழுதுபவர் மருத்துவ உயிர்த்தகவலியலாளர். இந்த இரு பணிகளுக்கும் பிரிட்டனில் மூன்றாண்டுப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டே மருத்துவமனையில் வேலை பழகி, கூடவே முதுகலைப் பட்டமும் முடிக்கலாம். போட்டி கடுமை.

இவர்கள் கண்ட ஒவ்வொரு மாற்றத்தையும் ஐந்து பெட்டிகளில் ஒன்றில் போட வேண்டும். ஒரு கோடியில் ‘நோய் தருவது’. மறு கோடியில் ‘தீங்கற்றது’. இரண்டுக்கும் நட்டநடுவே ‘பொருள் தெரியாதது’ என்ற பெட்டி. 2015இல் அமெரிக்க மரபியல் மருத்துவர்கள் வகுத்துக் கொடுத்த இந்த முறையைத்தான் இன்று பல நாட்டு ஆய்வகங்கள் பின்பற்றுகின்றன. நடுப்பெட்டிதான் எல்லோருக்கும் வேதனை தருவது. ஒரு கோடு நிறம் மாறியிருப்பது தெரிகிறது. அதனால் கெடுதலா என்பது தெரியவில்லை. அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? முன்னால் இதே மாற்றம் எத்தனை பேரிடம் இருந்தது, அவர்களுக்கு நோய் வந்ததா, புரதத்தின் எந்த மூலையில் அது உட்கார்ந்திருக்கிறது என்று தரவுத்தளங்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் புரட்டிப் புரட்டித்தான் முடிவு சொல்ல முடியும். புள்ளியியல் தெரியாமல் இந்த வேலை ஓடாது. மனப்பாடம் செய்த உயிரியல் இங்கே ஒரு நாளும் கைகொடுக்காது.

பிழை உறுதியானால் மருந்து உண்டா? உண்டு, அதுவும் இதே ஊரில் முளைத்தது. பி.ஆர்.சி.ஏ.2 கெட்ட புற்றுசெல், டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்க இன்னொரு வழியை நம்பிப் பிழைக்கிறது. அந்த வழியையும் அடைத்தால் அது சாகும். ‘ஓலபாரிப்’ என்ற மாத்திரை செய்வது அதைத்தான். ஸ்டீவ் ஜாக்சன் 1997இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய ‘குடோஸ்’ நிறுவனத்தில் உருவாகி, பின்னர் ஆஸ்ட்ராஜெனெகாவின் கைக்கு மாறி, 2014 டிசம்பரில் அனுமதி பெற்றது. ஆஸ்ட்ராஜெனெகாவின் ஆராய்ச்சி மையம் இன்று ஆடன்புரூக்ஸ் வளாகத்திலேயே நிற்கிறது. நோய்க்குறையைப் படிக்கிற ஆய்வகமும் அதற்கு மருந்து தேடுகிற நிறுவனமும் அந்த மரபணுவை வரைந்த பாதையும் நடந்து போகும் தூரத்தில்.

ஷெல்ஃபோர்டில் பாதை முடிகிறது. அதற்குப் பிறகு வழியெங்கும் வயல்களும் சிறு ஊர்களும்தான். சாஸ்டனைக் கடந்து, கேம் ஆற்றின் கரையோரம் ஹிங்க்ஸ்டன் வருகிறது. சின்னஞ்சிறு கிராமம், ஒரு தேவாலயம், பழைய வீடுகள், பக்கத்தில் ஹிங்க்ஸ்டன் ஹால் என்ற மாளிகை. அந்த மாளிகையைச் சுற்றித்தான் வெல்கம் சாங்கர் ஆய்வுநிலையம் வளர்ந்தது.

1993இல் தொடங்கும்போது இரண்டு முறை நோபல் பரிசு வாங்கிய ஃபிரெட் சாங்கரின் பெயரை வைக்க அனுமதி கேட்டார்கள். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நன்றாக இருக்க வேண்டும் என்ற பொருளில் பதில் வந்தது. முதல் இயக்குநர் ஜான் சல்ஸ்டன். அவரும் வேதியியல் படித்தவர்தான். பிறகு ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவை நுண்ணோக்கியில் மாதக்கணக்கில் பார்த்து, ஒற்றைக் கருசெல்லிலிருந்து அதன் 959 உடற்செல்கள் உருவாகும் வழியைத் தடம் பிடித்த குழுவில் முதன்மையானவர். 2002இல் அதற்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அவர் செய்த இன்னொரு காரியம் அந்த நோபலைவிடப் பெரியது என்றே சொல்லலாம். 1996 பிப்ரவரியில் பெர்முடாவில் கூடிய ஜீனோம் விஞ்ஞானிகள், படித்த எழுத்துகளை 24 மணி நேரத்துக்குள் எல்லோரும் பார்க்க வெளியிடுவது என்று உடன்பட்டார்கள். அதற்காக முன்னின்று வாதாடியவர்கள் சல்ஸ்டனும் அமெரிக்காவின் பாப் வாட்டர்ஸ்டனும். தனியார் நிறுவனங்கள் மரபணுக்களுக்குக் காப்புரிமை கேட்டு வரிசையில் நின்ற காலம் அது. பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களுக்கே அமெரிக்காவில் ஒரு நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. இயற்கையில் இருக்கும் டி.என்.ஏ.வுக்குக் காப்புரிமை இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல 2013 ஆகிவிட்டது. பெர்முடாவில் அன்று அந்த முடிவு எடுக்காமல் போயிருந்தால், மனித ஜீனோமைப் படிக்க இன்று மதுரையில் இருக்கும் ஒரு மாணவர் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

இன்று வளாகத்துக்குள் ஒரே கூரையின்கீழ் எத்தனை தொழில்! முனைவர் பட்ட மாணவர்கள் பட்டத்தைக் கேம்பிரிட்ஜில் பதிவு செய்துகொண்டு நான்கு ஆண்டுகள் இங்கே உழைக்கிறார்கள். அவர்களில் உயிரியல் படித்தவரும் உண்டு, கணிதமும் கணினியும் படித்தவரும் உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உள்ள சுமார் 70,000 உயிரினங்களின் ஜீனோமைப் படிக்கும் ‘டார்வின் ட்ரீ ஆஃப் லைஃப்’ திட்டத்துக்கு அந்துப்பூச்சிகளையும் மண்புழுக்களையும் சரியாக இனம் கண்டு பிடித்து வருகிறவர்கள் வேண்டும்; வழக்கொழிந்துவிட்டதாக நினைத்த வகைப்பாட்டியலாளருக்கு ஜீனோமிக்ஸ் மறுபடி வேலை கொடுத்திருக்கிறது. கொரோனா காலத்தில் லட்சக்கணக்கான வைரஸ் மாதிரிகள் இங்கே படிக்கப்பட்டன. பக்கத்துக் கட்டடத்தில் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிலையம், உலகத்தின் மரபணுத் தரவுகளைச் சேமித்து, ஒழுங்குபடுத்தி, காசு வாங்காமல் திறந்து வைத்திருக்கிறது. அங்கே வேலை செய்கிற பலர் ஆய்வகக் குழாயைத் தொடுவதே இல்லை.

தமிழ் வாசகருக்கு இந்தப் பயணத்தில் இன்னொரு பங்கும் உண்டு. உலகத் தரவுத்தளங்களில் இருக்கும் ஜீனோம்களில் மிகப் பெரும்பான்மை ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. அதனால் ஓர் இந்தியரின் முடிவு ‘பொருள் தெரியாதது’ என்ற நடுப்பெட்டியில் விழுவதற்கு வாய்ப்பு அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க நம் ஆட்கள் போதுமான அளவு அங்கே இல்லை. 2009இல், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினரும் பங்கேற்ற ஓர் ஆய்வு, இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இந்தியர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் உண்டு என்றும், அது இதயச் செயலிழப்போடு தொடர்புடையது என்றும் காட்டியது. நம் நாட்டில் இருக்கிறவர்கள் தேடியதால்தான் அது கண்ணில் பட்டது. 2020இல் தொடங்கிய ‘ஜீனோம் இந்தியா’ திட்டம் 10,000 இந்தியர்களின் ஜீனோமைப் படித்து, 2025 ஜனவரியில் தரவுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கிறது. 140 கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு அது ஒரு தொடக்கம். அதை வாசிக்கப் போகிறவர்கள் இப்போது பள்ளியில் இருக்கிறார்கள்.

நீட் மதிப்பெண் போதாமல் பயோடெக்கில் சேர்ந்தேன் என்று தயங்கித் தயங்கிச் சொல்கிற பிள்ளைகள் நம் கல்லூரிகளில் நிறைய. அந்தத் தயக்கத்துக்கு அவசியமே இல்லை. பதினோராம் வகுப்பில் உயிரியலோடு கணிதத்தையும் கைவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் புள்ளியியலும் பைத்தானும் கற்றுக்கொள்ளுங்கள். ஹிங்க்ஸ்டனுக்கு விமானச் சீட்டு கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஜீனோம்களைத் திறந்து காட்டும் ‘என்செம்பிள்’ என்ற தளம் அங்கிருந்து இலவசமாகவே வருகிறது. ஐரோப்பிய நிலையத்தின் இணையவழிப் பாடங்களும் அப்படியே. இன்று இரவே ஒரு கணினியில் என்செம்பிளைத் திறந்து பி.ஆர்.சி.ஏ.2 என்று தேடுங்கள். புரதத்துக்கான பகுதியில் 5,946ஆம் எழுத்து வரை எண்ணிப் போய் அந்த ஓர் எழுத்தை எடுத்துவிட்டு, அடுத்து வரும் சொற்களை மும்மூன்றாகப் பிரித்து நீங்களே எழுதிப் பாருங்கள்.